நேரலை நிருபர் உளறினால் செயற்கைக்கோள் மேல் பழி போடலாமா?

கறார்வாசகன்

வானிலைச் செய்திகள் பற்றிய இழையில் நண்பர் பழைய_ஆன்டெனா போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே தருகிறேன்: "நேரலையில் நிருபர் தத்துப்பித்தென்று பேசினால் அதற்கு அவர் பொறுப்பே இல்லை. எல்லாம் செயற்கைக்கோள் தாமதம். கேள்வி அவர் காதுக்குப் போக இரண்டு வினாடி ஆகிறது. இது தெரியாதவர்கள்தான் சிரிப்பார்கள்."

நான் சிரிக்கிறவன். ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிற புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்க ஏறத்தாழ 72,000 கி.மீ. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கி.மீ. போகும். வகுத்தால் கால் வினாடி கூட முழுசாக வரவில்லை. நண்பர் சொன்னது இரண்டு வினாடி. மீதி ஒன்றே முக்கால் வினாடி எங்கே போனது?

அந்த நேரலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். குடை திரும்பிக்கொள்கிறது, கேமரா கண்ணாடியில் நீர் வழிகிறது, மைக்கின் பஞ்சுறை நனைந்து தொங்குகிறது. தொகுப்பாளர் கேட்கிறார்: "அங்கே மழை பெய்கிறதா?" நிருபர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே நிற்கிறார். பிறகு, "ஆமாம், நீங்கள் சொன்னதுபோல இங்கே மழை பெய்துகொண்டிருப்பதை நம்மால் பார்க்க முடிகிறது. மழையின் காரணமாகத் தரை ஈரமாகக் காணப்படுகிறது." தரை ஈரமாகக் காணப்படுகிறதாம்! இந்த வாக்கியத்தை எந்தச் செயற்கைக்கோள் எழுதிக் கொடுத்தது? எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, எந்த வழி அடைபட்டது, ஆற்றில் நீர் ஏறுகிறதா, யார் சொன்னது? ஒன்றும் கிடையாது.

நண்பர் வந்து அந்த இரண்டு வினாடிக்குக் கணக்குக் காட்டட்டும்.

பழைய_ஆன்டெனா

வாங்க கறார் சார். கால்குலேட்டரைத் தட்டியவுடனே எல்லாரும் ஒளிபரப்புப் பொறியாளர் ஆகிவிடலாம் என்றால், நாங்கள் எதற்கு ஓ.பி. வேனுக்குள், அதாவது வெளிப்புற ஒளிபரப்பு வண்டிக்குள், வெந்துகொண்டு கிடந்தோம்?

நீங்கள் போட்டது வெற்றிடத்தில் ஒளி போகிற கணக்கு. பள்ளிக்கூடப் பையனும் போடுவான். படம் கேமராவிலிருந்து நேரே வானத்துக்குப் போவதில்லை. நடுவில் என்கோடர் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு ஃபிரேமை வாங்கியதும் அனுப்பிவிடாது. முன்னே பின்னே வரும் ஃபிரேம்களோடு ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துச் சுருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேம்கள் வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? இந்தப் பக்கம் டிகோடர் அதை விரிக்கும், அதுவும் காத்திருக்கும். அப்புறம் ஸ்டூடியோ ஓட்டத்தோடு படத்தை ஒத்திசைக்க வேண்டும். அனலாக் காலத்தில் உங்கள் கால் வினாடி சரி. இன்றைக்குப் பாதி இடத்துக்கு டிஷ் வைத்த வேனே போவதில்லை. பல சிம் கார்டுகளைச் சேர்த்துக் கட்டிய முதுகுப்பைதான். கூட்டம் கூடிய இடத்தில் எல்லார் கையிலும் செல்போன், டவர் திணறும். அப்போது இரண்டு வினாடி, மூன்று வினாடி எல்லாம் சர்வசாதாரணம்.

இன்னொன்றும் கேளுங்கள். நிருபர் காதில் ஒரு இயர்பீஸ் இருக்கிறதே, அதில் ஸ்டூடியோ ஒலி முழுவதும் போகும், அவருடைய குரலை மட்டும் கழித்துவிட்டு. அதற்கு மிக்ஸ்-மைனஸ் என்று பேர். பிசிஆரில், அதாவது ஸ்டூடியோ கட்டுப்பாட்டு அறையில், உட்கார்ந்திருப்பவர் அதில் கோட்டைவிட்டால் நிருபரின் குரலே அவர் காதுக்குத் தாமதமாகத் திரும்பி வரும். பெர்னார்ட் லீ என்பவர் 1950-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் குரல் ஏறத்தாழ 0.2 வினாடி பிந்திக் காதில் விழுந்தால் நாக்கு குழறும், சொன்ன அசையையே திரும்பச் சொல்லும். கவனியுங்கள், 0.2 வினாடி. உங்கள் கால் வினாடிக்கும் குறைவு. அதுவே ஒரு மனிதனைத் திக்க வைக்கப் போதும்.

அந்த நிலைமையில் மழையில் நின்றுகொண்டு தரை ஈரம் என்றாவது சொன்னானே, அந்தப் பிள்ளையை நான் பாராட்டுவேன்.

அணில்குட்டி

அப்போ தரை ஈரமா இருக்குன்னு கண்டுபிடிச்சது என்கோடரா, டிகோடரா?

கறார்வாசகன்

ஆன்டெனா ஐயா, வண்டி வண்டியாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

உங்கள் தீர்ப்பில் இருந்தது "செயற்கைக்கோள் தாமதம்". இப்போது என்கோடர், டிகோடர், முதுகுப்பை, செல்போன் டவர் என்று ஊர்வலமே வருகிறது. செயற்கைக்கோளின் பங்கு கால் வினாடி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். "காதுக்குப் போக" இரண்டு வினாடி என்றும் சொன்னீர்கள். கேள்வி காதுக்குப் போவது பெரும்பாலும் தொலைபேசி வழியில்தான். அதற்கு என்கோடரும் கிடையாது, 72,000 கி.மீ.யும் கிடையாது. தாமதமாவது திரும்பி வருகிற படம். ஆக, உங்கள் வாக்கியம் இரண்டு இடத்தில் தப்பு.

எல்லாவற்றையும் விடுங்கள். தாமதம் பதிலைத் தாமதமாக்கும். பதிலை மடத்தனமாக்காது. பத்து வினாடி கழித்து வந்தாலும் நல்ல தகவல் நல்ல தகவல்தான்.

பழைய_ஆன்டெனா

தொலைபேசி வழியில் போகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? எந்த வேனில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? செயற்கைக்கோள் வழியாகவே திரும்பு ஒலி எடுக்கிற இடங்களும் உண்டு. முதுகுப்பையிலேயே டாக்பேக், அதாவது ஸ்டூடியோவிலிருந்து நிருபருக்குப் போகிற பேச்சு, வருகிற ஏற்பாடும் உண்டு. நீங்கள் ஒன்றைக் கேள்விப்பட்டு அதுதான் உலகம் என்கிறீர்கள். கேள்வி போய்ப் பதில் வர மொத்தம் எவ்வளவு என்பதுதான் பார்க்கிறவன் கண்ணில் படுகிற தாமதம். அதைத்தான் நான் எழுதினேன். தொழில் தெரிந்தவனுக்கு அது புரியும்.

தணல்

இரண்டு பேரும் வினாடிக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நான் சில வருஷம் மைக் பிடித்தவள். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் நேரலையில் சொன்ன அசட்டு வாக்கியங்களில் பாதி, காதுக்குள் ஒருவர் "இழு, இழு, இன்னும் ரெண்டு நிமிஷம் இழு" என்று சொன்னதால் வந்தவை. ஸ்டூடியோவில் அடுத்த விருந்தினர் இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை. அடுத்த கதையின் படம் எடிட்டில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப நான். என்னிடம் இருந்த தகவல் மூன்றே வரி. அதை முதல் நாற்பது வினாடியிலேயே சொல்லி முடித்தாயிற்று. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அப்போது கண்ணுக்கு முன்னே இருப்பதைச் சொல்லத்தான் வாய் வரும். கதவு மூடியிருக்கிறது. காவலர்கள் நிற்கிறார்கள். கார் ஒன்று உள்ளே போகிறது. யாருடைய கார் என்று தெரியாது, ஆனாலும் "ஒரு கார் உள்ளே செல்வதைப் பார்க்கிறோம்" என்று சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் 24 மணி நேரச் செய்தி அலைவரிசை சிஎன்என் 1980 ஜூன் 1 அன்று ஆரம்பித்தது. அதற்கு முன் செய்தி என்றால் நாளுக்கு ஒரு அரை மணி நேரம். அரை மணி நேரத்துக்கு எதை விடுவது என்று யோசித்தார்கள். 24 மணி நேரம் வந்த பிறகு எதைப் போட்டு நிரப்புவது என்று யோசிக்கிறார்கள். இதில் செயற்கைக்கோளும் இல்லை, நிருபரின் மூளையும் இல்லை. ஒன்றும் நடக்காத இடத்துக்கு ஆளை அனுப்பி நேரலை போடு என்கிறானே, அவனைக் கேளுங்கள்.

நடுநிசி

மைக் பிடித்தவர்கள் எல்லாரும் வேலையை விட்ட பிறகுதான் உண்மை பேசுகிறார்கள். பிடித்திருந்தபோது "என்னிடம் மேலதிகத் தகவல் இல்லை, ஸ்டூடியோவுக்குத் திரும்புகிறேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?

அதிருக்கட்டும். வேகக் கணக்கு ஓடுவதால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2003 பிப்ரவரி 1, கொலம்பியா விண்ணோடம் திரும்பி வரும்போது சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். அன்றைக்குச் சிஎன்என் திரையின் கீழே என்ன போட்டார்கள்? விண்ணோடம் ஒளியின் வேகத்தைப்போல ஏறத்தாழ 18 மடங்கு வேகத்தில் போனதாம்! ஒலியின் வேகம் என்று இருக்க வேண்டியது. ஒலிக்கும் ஒளிக்கும் எட்டரை லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆன்டெனாவின் என்கோடர் இதையும் சுருக்கிவிட்டதா?

பழைய_ஆன்டெனா

நடுநிசி, நீங்கள் இந்த இழைக்கு வந்ததே என்னைச் சீண்டத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒலிபெருக்கி இழையில் பட்ட சூடு ஆறவில்லை போலிருக்கிறது.

நீங்கள் சொன்னது எழுத்துப்பட்டை. எந்த நிருபரும் வாயால் அப்படிச் சொல்லவில்லை. அது ஸ்டூடியோவில் கிராபிக்ஸ் மேசையில் உட்கார்ந்தவர் அவசரத்தில் தட்டியது. இழையின் தலைப்பைப் படியுங்கள்: நேரலை நிருபர். தட்டச்சுப் பிழையை எடுத்து வந்து நிருபர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கறார் சாருக்கு: 0.2 வினாடி பற்றி நான் எழுதியதற்கு இன்னும் பதில் காணோம்.

கறார்வாசகன்

0.2 வினாடி தன் குரல் திரும்பி வந்தால் நாக்கு குழறும். ஒப்புக்கொள்கிறேன். குழறினால் "த-த-தரை" என்று வரும். "மழையின் காரணமாகத் தரை ஈரமாகக் காணப்படுகிறது" என்று எழுவாய் பயனிலையோடு வராது.

ஒன்றே முக்கால் வினாடி, ஐயா. இன்னும் காத்திருக்கிறேன்.

முகில்

நிருபர், தொகுப்பாளர் என்று பிரித்துப் பேசுவது எதற்கு? பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே திரைதான். 2013 பிப்ரவரியில் 2012 டிஏ14 என்கிற சிறுகோள் பூமிக்குப் பக்கமாக வரப்போகிறது என்ற செய்தி. சிஎன்என்னில் அறிவியல் விளக்கும் பில் நையிடம் கேட்ட கேள்வி, இது புவி வெப்பமாதலின் விளைவா என்று. கேட்டது ஸ்டூடியோவில் வசதியாக உட்கார்ந்திருந்தவர். மழை இல்லை, காற்று இல்லை, முதுகுப்பை இல்லை.

அந்தச் சிறுகோள் பிப்ரவரி 15 அன்று பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 27,700 கி.மீ. தூரத்தில் கடந்தது. கறார் சொன்ன 35,786 கி.மீ.க்கும் உள்ளே. ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிற்கிற வளையத்தையே தாண்டி உள்ளே வந்து போயிருக்கிறது. எவ்வளவு அருமையான செய்தி! "உங்களுக்கு இந்தப் படத்தைக் கொண்டுவரும் செயற்கைக்கோளைவிட இந்தக் கல் பக்கத்தில் வரப்போகிறது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் குழந்தைகூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அடுத்த வருஷம் எம்எச்370 என்ற மலேசிய விமானம் காணாமல் போனபோது, 239 பேரின் கதி தெரியாத நேரத்தில், அதே அலைவரிசையில் கருந்துளை விழுங்கியிருக்குமா என்று ஒரு விவாதம். வந்திருந்த முன்னாள் அமெரிக்கப் போக்குவரத்து அதிகாரி, சின்னக் கருந்துளையே பிரபஞ்சத்தை விழுங்கிவிடும், அதனால் அது இல்லை என்று பதில் சொன்னார். அந்தப் பதிலும் தப்பு. கேள்வியும் பதிலும் போட்டி போட்டன.

தணல்

கருந்துளைக் கேள்வி பார்வையாளர்கள் அனுப்பியது முகில். தொகுப்பாளர் அவற்றை எடுத்துப் படித்து விருந்தினர்களிடம் கேட்டார்.

முகில்

படித்தாரே? அஞ்சல்காரர் கடிதத்தைப் படித்துக் காட்டுவதில்லை. ஆயிரம் கேள்விகளில் அதை எடுத்தது யார்?

பழைய_ஆன்டெனா

மறுபடியும் தொகுப்பாளர். நான் பேசுவது களத்தில் நிற்கிற நிருபரைப் பற்றி. களம்! வெயிலிலும் மழையிலும் நிற்கிறவன். ஸ்டூடியோக்காரன் தப்பை எல்லாம் இங்கே கொட்டாதீர்கள்.

ஒன்று சொல்லட்டுமா? இங்கே யாருமே ஒரு தடவைகூட இயர்பீஸ் மாட்டியதில்லை, தணலைத் தவிர. ஒரு காதில் தொகுப்பாளர், அதே காதில் தயாரிப்பாளர் "முப்பது வினாடி" என்கிறார், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, பின்னால் இளவட்டங்கள் கேமராவுக்குக் கை ஆட்டுகிறார்கள், ஒருவன் மைக்கைப் பிடுங்க வருகிறான். கேள்வி பாதிதான் விழுகிறது. பாதி கேள்வியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். "நீங்கள் சொன்னதுபோல" என்று ஆரம்பிப்பது நேரம் வாங்கிக்கொள்ள. அந்த ஒன்றரை வினாடியில் மூளை அடுத்த வரியைத் தேடும். இது தொழில் நுணுக்கம். இதை அசடு என்று சொல்கிறவர்கள் மேடையில் ஒரு வாழ்த்துரை சொல்லிப் பார்க்கட்டும், கை நடுங்கும்.

அணில்குட்டி

ஒன்றரையா, ரெண்டா, ஒன்றே முக்காலா? ஒரு முடிவுக்கு வாங்கப்பா.

கறார்வாசகன்

குறித்துக்கொள்ளுங்கள், இப்போது ஒன்றரை வினாடி ஆகிவிட்டது. அதுவும் "நேரம் வாங்கிக்கொள்ள". அதாவது தாமதம் செயற்கைக்கோளால் அல்ல, நிருபரின் மூளையால். இதைத்தானே நான் முதலிலிருந்தே சொல்கிறேன்!

மட்டுறுத்துநர்

தனிப்பட்ட சீண்டல்கள் வேண்டாம். அசட்டுப் பேச்சு என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாராவது முதலில் வரையறுத்தால் நல்லது. தெரிந்ததையே சொல்வது வேறு, தவறான தகவல் வேறு, இழவு வீட்டில் கேட்கக்கூடாததைக் கேட்பது வேறு. மூன்றும் கலந்து ஓடுகிறது.

பழைய_ஆன்டெனா

மட்டுறுத்துநர் ஐயா, வரையறை எல்லாம் அப்புறம். "மூளையால்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைச் சீண்டல் கணக்கில் சேர்க்கவில்லையா? நான் நடுநிசியைப் பற்றி ஒரு வரி எழுதினால் மட்டும் கண்ணில் படுகிறதா?

நடுநிசி

ஒலிபெருக்கி இழையில் என்னை ஒரு வாரம் முடக்கி வைத்தார்களே, அப்போது இந்த நியாயம் எங்கே போனது என்று நானும் கேட்கலாம். கேட்கவில்லை.

களம் களம் என்கிறாரே, களத்துக்கே வருகிறேன். 2005 அக்டோபர், நியூ ஜெர்சியில் வெள்ளம். என்பிசி தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் நிருபர் படகில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டே வெள்ளத்தை விவரிக்கிறார். கேமராவுக்கும் படகுக்கும் நடுவே இரண்டு பேர் நடந்து போகிறார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு. ஸ்டூடியோவில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். இதற்கு எத்தனை வினாடித் தாமதம் காரணம்?

2018 செப்டம்பர், ஃபுளோரன்ஸ் புயல், வட கரோலினாவின் வில்மிங்டன். வெதர் சேனல் என்ற வானிலை அலைவரிசையின் நிருபர் காற்றில் பறந்துவிடுவார்போலக் காலை அகட்டி வைத்துச் சாய்ந்து சாய்ந்து தள்ளாடுகிறார். பின்னால் இரண்டு பேர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பேச்சுவாக்கில் நடந்து போகிறார்கள்.

2021 ஜூலை, ஜெர்மனி வெள்ளம். ஆர்டிஎல் தொலைக்காட்சி நிருபர் நேரலைக்கு முன்னால் குனிந்து சேற்றை அள்ளித் தன் முகத்திலும் சட்டையிலும் பூசிக்கொண்டதை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். தானும் துப்புரவு வேலை செய்ததுபோலக் காட்ட. நிறுவனமே அவரைப் பணியிலிருந்து ஒதுக்கி வைத்தது. சேறு செயற்கைக்கோளிலிருந்து விழவில்லை.

பழைய_ஆன்டெனா

வில்மிங்டன் விஷயத்தில் பாதியை மறைத்துப் பேசுகிறீர்கள். அந்த அலைவரிசை அன்றைக்கே விளக்கம் கொடுத்தது. பின்னால் போனவர்கள் கான்கிரீட் தரையில் நடந்தார்கள். நிருபர் நின்றது ஈரப்புல். முந்தின இரவு ஒரு மணி வரை நேரலையில் இருந்தவர், களைத்துப் போயிருந்தார். ஈரப்புல்லில் கால் பிடிமானம் எவ்வளவு குறையும் என்று தெரியுமா உங்களுக்கு?

சேறு பூசியவரை நான் ஆதரிக்கவில்லை. அது பேச்சே அல்ல, வேறு விஷயம். தலைப்பு பேச்சைப் பற்றியது.

நடுநிசி

ஈரப்புல்! பத்தடி தள்ளிக் கான்கிரீட் இருந்ததே, அங்கே போய் நின்றிருக்கலாமே? புயலைக் காட்டப் போனாரா, புல்லைக் காட்டப் போனாரா?

முகில்

கான்கிரீட்டில் நின்றால் தள்ளாட்டம் வராதே. தள்ளாட்டம் வரவில்லை என்றால் நேரலை எதற்கு?

பழைய_ஆன்டெனா

கேமரா கோணம், வெளிச்சம், கேபிள் நீளம், பின்னால் மரம் விழுமா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, எல்லாம் பார்த்துத்தான் நிற்கும் இடத்தை முடிவு செய்வார்கள். நிருபர் மட்டும் முடிவு செய்வதில்லை. கேமராமேன் சொல்வார், பொறியாளர் சொல்வார். நானே சொல்லியிருக்கிறேன்: அங்கே நிற்காதே, இங்கே நில் என்று. உயிர்ப் பொறுப்பு அது.

தணல்

மட்டுறுத்துநர் மூன்றாவதாகச் சொன்னதைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மழை பெய்கிறது என்று சொல்வதால் யாருக்கும் காயம் இல்லை. பிள்ளையை இழந்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் மைக்கை நீட்டி "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பது காயம். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு "இந்திய ஊடகங்களே, வீட்டுக்குப் போங்கள்" என்று அந்த மக்கள் சமூக வலைத்தளங்களில் எழுதி எழுதிப் பரப்பினார்கள். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் செத்த இடத்தில் நம் ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்ற கோபம்தான் அதில் பெரிய பங்கு.

ஏன் கேட்கிறார்கள் என்றும் தெரியும். அழுகை வந்தால்தான் பைட், அதாவது ஒளிபரப்பில் போடுகிற பேச்சுத் துணுக்கு. "பைட் கிடைச்சுதா, பைட் கிடைச்சுதா" என்று போன் வந்துகொண்டே இருக்கும். நடந்ததைச் சொல்கிற பைட்டைக் கொடுத்தால், இதில் எமோஷன் இல்லையே என்று திருப்பி அனுப்புவார்கள். நான் ஒரு தடவை கேட்காமல் மைக்கை இறக்கினேன். அந்த அம்மாள் தானாகவே பேசினார், நிதானமாக, தேதி வாரியாக, எந்த அதிகாரியிடம் போனார், என்ன பதில் சொன்னார்கள் என்று. முழுச் செய்தியும் அதில் இருந்தது. ஒளிபரப்பில் வந்தது கடைசியில் அவர் கண் துடைத்த நான்கு வினாடி மட்டும்.

அணில்குட்டி

தணல் அக்கா, இது தனி இழையா வரணும். இங்கே இவங்க வினாடி எண்ணி முடிக்கட்டும்.

கறார்வாசகன்

தணல் சொன்னது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் என் கேள்வியை அது திசை திருப்பவிடக் கூடாது.

உருப்படியாகச் செய்தவர்களும் உண்டு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1961 செப்டம்பரில் கார்லா புயல் டெக்சாஸை நெருங்கியபோது டான் ராதர் என்ற இளம் நிருபர் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்துக்குப் போனார். "காற்று பலமாக வீசுகிறது" என்று கடற்கரையில் நின்று கத்தவில்லை. ராடார் திரையைக் காட்டி, அதன்மேல் வளைகுடாவின் வரைபடத்தைப் பொருத்திக் காட்டினார். புயல் எவ்வளவு பெரிது என்று சனங்கள் அளவோடு பார்த்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைக் காலிசெய்தார்கள். அவரிடம் இருந்தது 1961-ன் கருவிகள். முதுகுப்பை இல்லை, என்கோடர் இல்லை.

1969 ஜூலை 20 அன்று நிலவில் கலம் இறங்கியபோது அமெரிக்காவின் புகழ்பெற்ற செய்தித் தொகுப்பாளர் வால்டர் குரோங்கைட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த நேரலையில் பேசாமல் இருந்தார். இன்றைக்கு அங்கே ஒருவர் இருந்தால் "நிலவில் கலம் இறங்கியிருப்பதை நம்மால் பார்க்க முடிகிறது" என்பார்.

பழைய_ஆன்டெனா

அப்படிப் பேசாமல் இருக்கக் குரோங்கைட்டுக்கு அனுமதி இருந்தது, ஏனென்றால் அவர் குரோங்கைட். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளை வாய் மூடி நின்றால் அடுத்த நிமிஷமே போன் வரும், "ஆடியோ கட்டாயிடுச்சா?" என்று. உங்கள் எடுத்துக்காட்டே என் கட்சிக்குத்தான் சாதகம்.

அப்புறம் நிலவை இழுத்ததால் சொல்கிறேன். நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தூரம். அங்கிருந்து குரல் வர 1.3 வினாடி, போய் வர இரண்டரை வினாடிக்கு மேல். அந்தத் தாமதத்தோடு விண்வெளி வீரர்கள் பேசினார்கள்.

கறார்வாசகன்

பேசினார்கள் அல்லவா? இரண்டரை வினாடித் தாமதத்தோடு? அறிவோடு? உளறினார்களா?

இதைவிடச் சிறந்த சாட்சியத்தை நானே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. மிக்க நன்றி ஐயா.

பழைய_ஆன்டெனா

அவர்கள் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள்! ஒவ்வொரு சொல்லையும் முன்பே ஒத்திகை பார்த்தவர்கள்! காதுக்குள் "இழு" என்று கத்த ஆள் இல்லை! அதைக் கொண்டுபோய் வெள்ளத்தில் நிற்கிற நிருபரோடு ஒப்பிடலாமா?

முகில்

நிலவை ஒப்பிட்டது நீங்கள்தான் ஐயா. மேலே இருக்கிறது, பாருங்கள்.

பழைய_ஆன்டெனா

தாமதத்தை ஒப்பிட்டேன். ஆட்களை ஒப்பிடவில்லை.

நடுநிசி

எனக்குப் பதில் வராத கேள்வி ஒன்று இன்னும் நிற்கிறது. நியூ ஜெர்சிப் படகு. கணுக்கால் அளவுத் தண்ணீரில் படகு எதற்கு? அதற்கும் பொறியாளர்தான் "இங்கே நில்" என்றாரா?

பழைய_ஆன்டெனா

படகில் யாரும் நிற்பதில்லை, உட்காருவார்கள். முதலில் அதைத் திருத்திக்கொண்டு வாருங்கள்.

வெள்ளத்தில் ஆழம் பத்தடிக்குப் பத்தடி மாறும். ஓரத்தில் கணுக்கால், நடுவில் இடுப்பு. நேரலைக்குக் கேபிள் எட்டுகிற இடத்தில்தான் படகை நிறுத்த முடியும். இது கூடவா விளங்கவில்லை? ஈரப்புல் பற்றிக் கேட்டதற்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மழை நாளில் புல்தரையில் போய் நின்று, எதிர்க்காற்றில் ஒரு பக்கம் பேசிப் பாருங்கள். பிறகு வந்து எழுதுங்கள், வரிக்கு வரி பதில் சொல்கிறேன்.